மூன்று தடவை ஏசி கேஸ் போட்டும் சூடான காற்று: கோளாறு கம்ப்ரசரிலா, ஃப்ளாப்பிலா?

3 மே 2025, வாசகர் கேள்வி

அண்ணே, கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். எட்டு வருடத்து வண்டி. காலையில் எடுத்ததும் ஏசி ஜில்லென்று வருகிறது. ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் காற்று வெதுவெதுப்பாகிவிடுகிறது. சில நேரம் வேகத்தடையில் ஏறி இறங்கினால் மறுபடி ஜில்லென்று வரும், அதுவும் கொஞ்ச நேரம்தான். ஒரு வருடத்தில் மூன்று தடவை கேஸ் போட்டாயிற்று. இப்போது கம்ப்ரசரை, அதாவது கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்பை, மாற்றச் சொல்கிறார்கள். குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பினால் டேஷ்போர்டுக்குள் டக்டக் என்று சத்தம் வேறு. கடலோரத்து வண்டிக்கு ஏசி ஐந்து வருடத்துக்கு மேல் தாங்காது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். கம்ப்ரசரை மாற்றிவிடட்டுமா?

3 மே, இரவு 10 மணி

மாற்றாதீர்கள் தம்பி. ஒரு வாரம் பொறுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது "காலையில் எடுத்ததும் ஜில்" என்பது. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் அரை மணி நேர ஓட்டம்கூட இல்லை. எஞ்சின் தண்ணீர் நன்றாகச் சூடேற எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய அதற்குள்தான். எஞ்சின் சூடாக ஆகத்தான் உங்கள் காற்றும் சூடாகிறது. அப்படியானால் ஏசி குளிரூட்டுகிறது, ஆனால் குளிர்ந்த காற்றோடு ஹீட்டரின் சூடு எங்கேயோ கலந்துவிடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

நாளைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வண்டியை ஓட்டி, காற்று சூடான பிறகு, எஞ்சினை அணைக்காமல் பானட்டைத் திறங்கள். எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டிலிருந்து இரண்டு அலுமினியக் குழாய் வரும், ஒன்று தடி, ஒன்று மெல்லியது. தடிக்குழாயைத் தொட்டுப் பாருங்கள். பானைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்து வியர்த்திருந்தால் கம்ப்ரசர் தன் வேலையைச் செய்கிறது. ஃபேன் பெல்ட்டுப் பக்கம் கை, துண்டு எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளிப் பக்கம் ரோட்டோரத்தில் பத்தொன்பது வருடமாகக் கார் வயரிங், ஏசி வேலை பார்க்கிறேன். கேஸ் குறையாத வண்டிக்குக் கேஸ் போட்டுக் காசைக் கொட்டியவர்கள் என் பட்டறைக்கு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். எனக்கு வயிறு எரியும் விஷயம் அது.

4 மே, காலை

"ஃப்ளாப் என்றால் என்ன?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, முதலிலிருந்து வருகிறேன்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. காற்று அதற்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் மூன்று கதவுகளைத் தாண்டுகிறது. நாங்கள் ஃப்ளாப் என்று சொல்வது இந்தக் கதவுகளைத்தான்.

முதல் கதவு, காற்றை வெளியிலிருந்து எடுப்பதா வண்டிக்குள்ளிருந்தே எடுப்பதா என்று முடிவு செய்வது. காருக்குள் அம்பு வளைந்து சுற்றுகிற படம் போட்ட பட்டன் இதற்குத்தான். அதைத் தாண்டினால் புளோயர், ஏசி ஃபில்டர், அப்புறம் கூலிங் காயில். எல்லாக் காற்றும் முதலில் கூலிங் காயிலில் குளிர்ந்துவிடும். அதற்கு அடுத்துத்தான் ஹீட்டர் காயில், எஞ்சினின் கொதிக்கிற தண்ணீர் ஓடுவது. குளிர்ந்த காற்றில் எவ்வளவை ஹீட்டர் காயில் வழியாக விடுவது, எவ்வளவை அதைத் தொடாமல் விடுவது என்று பிரிப்பது இரண்டாவது கதவு. நீங்கள் நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்பும்போது கம்ப்ரசருக்கு ஒன்றும் ஆவதில்லை, இந்தக் கதவு நகர்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது, முகத்துக்கா காலுக்கா கண்ணாடிக்கா என்று திசை பிரிப்பது. சில வண்டியில் ஒரே கதவு, சிலவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும்.

நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? டிசம்பர் மழையில்கூட யாரும் போடுவதில்லை. ஆனால் நிறைய வண்டிகளில் அந்தக் காயிலில் வருடம் முழுக்கச் சுடுதண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கதவு விரற்கடை திறந்து நின்றால் போதும், கத்திரி வெயிலில் ஏசி தோற்றுவிடும்.

4 மே, மாலை

முதல் கதவைச் சோதிக்க நம் பக்கத்தில் எந்தக் கருவியும் வேண்டாம். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கருவாடு காயும் இடத்தைத் தாண்டும்போது உள்காற்றுப் பட்டனைப் போட்டு, ஜன்னலை ஏற்றிவிட்டு ஓட்டுங்கள். வாடை உள்ளே வந்தால் கதவு மூடவில்லை. இன்று கத்திரி பிறந்துவிட்டது. வெளியே அனலாக இருக்கும்போது வெளிக்காற்றை இழுத்துக் குளிரூட்டுவது கூலிங் காயிலுக்குப் பெரும் பாரம்.

6 மே

தங்கச்சிமடத்திலிருந்து வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் திருத்தியிருக்கிறார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகு ஒன்றும் போகவில்லை, கருவாடு காயப்போட ஆளும் இல்லை மீனும் இல்லை, வாடை வரவில்லை என்பதை வைத்துக் கதவு சரியாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கிறார். ரொம்பச் சரி அண்ணே, நான் யோசிக்கவில்லை. நாட்டுப்படகுக்காரர்கள் கொஞ்சம் கொண்டு வந்தாலும் அது சோதனைக்குப் போதாது.

தடைக்காலத்துக்கு ஊதுபத்தி. வண்டியை நிழலில் நிறுத்தி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவர் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில் இருக்கும் காற்று வாயில் ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். உள்காற்றுப் பட்டன் போட்டிருந்தால் புகை உள்ளே போகக் கூடாது. பட்டனை எடுத்தால் போக வேண்டும். காற்று அடிக்கும் இடத்தில் செய்தால் புகை கலைந்துவிடும், சுவர் ஓரமாக நிறுத்திச் செய்யுங்கள்.

இன்னொரு வழி இன்னும் சுலபம். உள்காற்று வைத்தால் கிளவ் பாக்ஸ் அடியில் புளோயர் இரைச்சல் கூடும், வெளிக்காற்று வைத்தால் குறையும். இரண்டிலும் ஒரே இரைச்சல் என்றால் கதவு நகரவில்லை.

7 மே

கீழக்கரைத் தம்பி பார்த்துவிட்டார். தடிக்குழாய் நன்றாக வியர்த்துச் சொட்டுகிறது. சமையல்கட்டில் வைக்கும் தெர்மாமீட்டரை நடுக் காற்றுவாயில் செருகிப் பார்த்தாராம், 24 டிகிரி. வண்டி நல்ல நிலையில் இருந்தால் உள்காற்றில் வைத்து ஓட்டும்போது 10-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து ஹோஸ் சோதனை. நான் அதிகம் நம்புவது இதைத்தான். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் இரண்டு, அதே தகட்டுக்குள் நுழையும். அதில் ஒன்றைத் துணி சுற்றி, வாய் மழுங்கிய கிளாம்ப் போட்டு அழுத்தி, தண்ணீர் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பிளையரால் கடிக்காதீர்கள், எட்டு வருட ரப்பர் கிழிந்தால் கொதிக்கிற தண்ணீர் கையில் பாயும். எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளாம்பைப் போட்டுவிட்டு, அப்புறம் ஓட்டுங்கள். அரை மணி ஓட்டிய பிறகும் காற்று குளிராகவே இருந்தால் சந்தேகமே வேண்டாம், நான் சொன்ன இரண்டாவது கதவில், அதாவது சூட்டையும் குளிரையும் கலக்கும் கலப்புக் கதவில்தான் கோளாறு.

8 மே

11 டிகிரி! கிளாம்ப் போட்டு ராமநாதபுரம் வரை போய்த் திரும்பியும் 11 டிகிரியில் நின்றதாம். மூன்று கேஸ், ஒரு கம்ப்ரசர் என்ற பேச்சு இன்றோடு முடிந்தது. எனக்கு இங்கே உட்கார்ந்தபடி சந்தோஷமாக இருக்கிறது.

கிளாம்பை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்கிறார். வேண்டாம். ஒரு அவசரத்துக்கு இரண்டு நாள் ஓட்டலாம், நிரந்தரமாக வைத்தால் ஹோஸ் அந்த இடத்தில் நைந்துவிடும். அதோடு மழைக்காலத்தில் கண்ணாடி மங்கும்போது சூடான காற்று தேவைப்படும்.

கதவைத் திருப்புவது ஆக்சுவேட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மோட்டார். பழைய, விலை குறைந்த வண்டிகளில் மோட்டார் இல்லை, குமிழிலிருந்து கம்பிதான் போகும். அதில் கம்பி கிளிப்பை விட்டுக் கழன்றிருக்கும், மாட்டினால் முடிந்தது. உங்களுடையது மோட்டார். சூட்டுப் பக்கம் திருப்பினால் டக்டக் என்கிறது என்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் உறுதி செய்துகொள்ளலாம். மோட்டாருக்கு ஐந்து வயர் வருகிறதா பாருங்கள். இரண்டு மோட்டாரைச் சுற்றுவதற்கு. மூன்று, கதவு எங்கே நிற்கிறது என்று கண்ட்ரோல் பேனலுக்குச் சொல்வதற்கு: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த் (கரண்ட் வண்டி பாடிக்குத் திரும்பும் வயர்), நடுவில் ஒன்று சிக்னல். வயர்களை மோட்டாரோடு இணைக்கும் பிளக்கை, நாங்கள் கப்ளர் என்போம், கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய குண்டூசியைச் செருகி சிக்னலை அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனை வண்டி பாடியில். குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் பெரும்பாலான வண்டிகளில் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை தடங்கலில்லாமல் ஏறி இறங்கும்.

டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள். அது ஏர்பேக்.

9 மே

ஒருவர், மோட்டாரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரி கொடுத்துச் சுற்றிப் பார்க்கலாமே என்று எழுதியிருக்கிறார். நேற்று நானும் தொலைபேசியில் இன்னொருவருக்கு அதையே சொன்னேன், இப்போது எல்லைக்கோடு போடுகிறேன். ஐந்து வயர் மோட்டாரில், சுற்றும் வயர் எந்த இரண்டு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொடுக்கலாம். மூன்று வயர் மோட்டார்களில் பெரும்பாலும் உள்ளேயே சின்ன எலக்ட்ரானிக் பலகை இருக்கும். நேரடியாகக் கரண்ட் கொடுத்தால் எரிந்துவிடும். படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரும் பேட்டரிக்குச் சுற்றாது. சுற்றவில்லை என்று நல்ல மோட்டாரைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

10 மே

தம்பியின் அளவு: குளிர்ப் பக்கம் 4.3 வோல்ட். சூட்டுப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் 3.0-க்குக் கீழே இறங்கவில்லை, அப்போதுதான் டக்டக்.

பல் உடைந்து கதவு பாதியில் நிற்கிறது, அதனால் சிக்னலும் பாதியில் நிற்கிறது. மோட்டாரை வாங்கிவிடுங்கள்.

11 மே

சாயல்குடியிலிருந்து ஒரு அக்கா கேட்டது: ஓட்டுநர் பக்கம் குளிர், பக்கத்துச் சீட்டில் சூடு, இதுவும் ஃப்ளாப்பா? ஆமாம், இடது வலது தனித்தனிக் கதவு இருக்கும் வண்டியில் ஒன்று நின்றுவிட்டது என்று காலையில் பதில் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோதுதான் உறைத்தது. அந்த அக்காவின் வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே குமிழ். கேஸ் குறைந்த வண்டியிலும் இதே மாதிரி வரும். கூலிங் காயில் முழுக்கக் குளிராமல், கேஸ் நுழையும் பக்கம் மட்டும் குளிரும். அந்தப் பக்கக் காற்றுவாய் ஜில்லென்றும் மறுபக்கம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். அதனால் அக்கா, நீங்கள் முதலில் கேஸின் அழுத்தம் காட்டும் கேஜ் போட்டு அளவு பாருங்கள். கேஸ் போடவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அளந்துவிட்டுப் போடுங்கள், கசிவு எங்கே என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மூடிய குழாய்க்குள் இருக்கும் கேஸ் செலவாகிற பொருள் இல்லை.

13 மே

தொண்டிக்காரர் ஒருவர் எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது முன் கண்ணாடியின் வெளிப்பக்கம், கீழே ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாகப் பனி படிகிறதாம். வைப்பர் போட்டால் போகிறது, மறுபடி வருகிறது. காற்றை முகத்துக்குத்தான் வைத்திருக்கிறார்.

அண்ணே, உங்கள் திசைக்கதவு முழுதாக மூடவில்லை. குளிர்ந்த காற்று கண்ணாடிப் பக்கம் கசிந்து, உள்ளிருந்து கண்ணாடியைக் குளிரவைக்கிறது. கடலோரத்து ஈரக்காற்று வெளியிலிருந்து அதன் மேல் பட்டு நீராகிறது. மதுரைக்குப் போனால் இவ்வளவு தெரியாது. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு வரும் வண்டிகளில் இந்தப் பட்டையைப் பார்த்தே திசைக்கதவு கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். உறுதி செய்ய, டேஷ்போர்டு மேலே கண்ணாடி ஓரம் இருக்கும் நீண்ட பிளவில் கையை வையுங்கள். முகத்துக்கு வைத்திருக்கும்போது அங்கே காற்று வரக் கூடாது. சில வண்டிகளில் ஓரத்துக் கண்ணாடிக்கு மட்டும் லேசாக வரும்படி வைத்திருப்பார்கள், அது கணக்கில்லை.

இதோடு குழப்பிக்கொள்கிற இன்னொன்று: ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எந்த வாயிலும் காற்றே வராமல், ஏசியை அணைத்துக் கால் மணி விட்டால் மறுபடி வருகிறது என்றால் அது கதவு இல்லை. கூலிங் காயில் பனிக்கட்டியாகிக் காற்றை அடைத்துவிட்டது. கதவுக் கோளாறில் காற்று குறையாது, வேறு பக்கம் போய்விடும்.

16 மே

தம்பி புது மோட்டார் வாங்கிப் போட்டுவிட்டார். அதே 4.3, அதே 3.0, அதே டக்டக், அதே 24 டிகிரி.

என் தவறு. பழைய மோட்டாரைத் திறந்து பார்த்தாராம், ஒரு பல் கூட உடையவில்லை. அவர் காசு வீணாக நான் காரணமாகிவிட்டேன். கேஸ் போட்டவர்கள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், பார்க்காமலே பொருளை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அவர் முதல் நாள் எழுதியதை இப்போது மறுபடி படித்தேன். "வேகத்தடையில் ஏறி இறங்கினால் மறுபடி ஜில்லென்று வரும்." உடைந்த பல் வேகத்தடையில் சரியாகாது. குலுக்கினால் மாறுவது வயர், இல்லாவிட்டால் கப்ளர்.

தம்பி, எர்த் வயரை மட்டும் அளந்து சொல்லுங்கள். சிவப்பு முனை கப்ளரின் எர்த் பின்னில், கறுப்பு பாடியில். பூஜ்யம் வர வேண்டும்.

16 மே, இரவு

2.7 வோல்ட்.

கண்டுபிடித்துவிட்டோம். எர்த் பின்னில் 2.7 வோல்ட் என்றால் கரண்ட் பாடிக்குப் போகும் வழியில் தடை இருக்கிறது. 5 வோல்ட்டில் 2.7-ஐ அந்தத் தடையே தின்றுவிட்டால், கதவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நகர்வைச் சொல்ல மிச்சம் 2.3-தான். சூட்டுக் கோடியில் பேனல் 0.6-ஐ எதிர்பார்க்கிறது, அது வரவே வராது. கதவு சுவரில் முட்டிய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதுதான் டக்டக். குளிர்க் கோடியில் இன்னும் மோசம். கதவு போய்ச் சேருவதற்கு முன்னாலேயே சிக்னல் 4.3-ஐத் தொட்டுவிடுகிறது, பேனல் "வந்து சேர்ந்தாயிற்று" என்று மோட்டாரை நிறுத்திவிடுகிறது. கணக்குப் போட்டால் கதவு கிட்டத்தட்ட கால்வாசி ஹீட்டர் பக்கம் திறந்தபடி நிற்கிறது. 24 டிகிரி எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறது.

சிக்னலை அளக்கச் சொன்ன அன்றே எர்த்தையும் அளக்கச் சொல்லியிருந்தால் மோட்டார் செலவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வாருங்கள், கூலி வேண்டாம்.

18 மே, ஞாயிறு

வண்டி வந்தது. பக்கத்துச் சீட்டின் கால்மிதியைத் தூக்கினேன், அடியில் ஈரம். ஏசித் தண்ணீர் என்று நினைத்திருந்தாராம். தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. ஏசித் தண்ணீர் கரிக்காது.

கிளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்தேன். வயர்க்கட்டு மேலிருந்து இறங்கி வந்து சரியாக அந்த மோட்டாரின் கப்ளரில் முடிகிறது. கட்டின் மேல் வெள்ளையாக உப்புத் தடம், கண்ணீர் காய்ந்த கோடு மாதிரி. கப்ளரை இழுத்தால் வரவில்லை, கொஞ்சம் ஆட்டி எடுத்தேன். ஐந்து பின்னில் நான்கு மங்கலாக இருந்தாலும் உலோக நிறத்தில் இருந்தன. ஓரத்தில் இருந்த எர்த் பின் மயில்துத்த நிறத்தில் பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதன் நடுவில் தலைமுடி அகலத்துக்கு உலோகம் மிச்சம். வேகத்தடையில் குலுங்கும்போது அந்த முடி அகலம் நன்றாகப் பட்டிருக்கிறது, ஜில்லென்று வந்திருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து? வைப்பர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். உள்ளே இரண்டு கை நிறையச் சீமைக்கருவேல இலை. அந்தச் சின்னச் சின்ன இலை வலைக்குள் நுழைந்துவிடும், அவிந்து கறுப்புச் சகதியாகி, தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்திருந்தது. கூடவே நாலு முள். வீட்டுக்கு எதிரே நிழலுக்காகக் கருவேல மரத்தடியில்தான் நிறுத்துவாராம். வாரம் இரண்டு முறை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவாராம். கீழக்கரைக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த உப்புத் தண்ணீர் ஓட்டை வழியாகக் கீழே போக முடியாமல் உள்ளே வழிந்து, வயரைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கப்ளருக்குள் போயிருக்கிறது.

சகதியை வாரி, ஓட்டையைச் சைக்கிள் கம்பியால் குத்தி, நல்ல தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், சக்கரத்துப் பக்கம் கொட்டியது. எர்த் பின்னை வெட்டிப் புதுப் பின் அழுத்தி, கப்ளரில் நீர் புகாத கிரீஸ் தடவி, பழைய மோட்டாரையே திரும்பப் போட்டேன். வயர்க்கட்டைக் கப்ளருக்கு முன்னால் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டுக் கட்டினேன். இனித் தண்ணீர் வந்தாலும் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும்.

அப்புறம் பேட்டரி முனையைக் கழற்றிக் கால் மணி நேரம் விட்டு, மாட்டி, சாவியைத் திருப்பி, எந்தப் பட்டனையும் தொடாமல் ஒரு நிமிடம் காத்திருந்தோம். உள்ளே மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஒரு கோடிக்குப் போய் மறு கோடிக்கு வரும் சத்தம் கேட்டது. எர்த் 0.0. சூடு 0.6. குளிர் 4.3. டக்டக் இல்லை.

இரண்டு பேருமாக மண்டபம் வரை ஓட்டினோம். நடுக் காற்றுவாயில் 9 டிகிரி. தம்பி தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி தெர்மாமீட்டரைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் நுங்கு வாங்கிக் கொடுத்தார்.

19 மே

"கடலோரத்து வண்டிக்கு ஏசி தாங்காது" என்ற பேச்சுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உப்பு உண்மைதான். துருவை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் முகாமில் நிலையம் வைத்தது என்றால் நம் காற்று எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். முன்னால் இருக்கும், கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் அலுமினிய இதழ்கள் இங்கே பொடிந்துபோவதை நான் நிறையப் பார்க்கிறேன், அதில் கசிவு வந்தால் கேஸ் நிஜமாகவே போகும். ஆனால் 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இதே காற்றில் நூறு வருடத்துக்கு மேல் ரயிலைத் தாங்கியது, விடாமல் பெயின்ட் அடித்துப் பார்த்துக்கொண்டதால். உங்கள் வண்டிக்குக் கேட்பது மாதம் ஒரு தடவை வைப்பர் அடியைத் துடைப்பதும், தனுஷ்கோடி போய் வந்தால் நல்ல தண்ணீரில் முன்பக்கம் அலசுவதும்தான். கச்சான் காற்று பிடித்துவிட்டால் அந்த ரோட்டில் மணல் குறுக்கே ஓடும், அது வண்டியின் எல்லாச் சந்திலும் போய் உட்காரும்.

மறந்துவிட்டேன்: இலையை எடுக்காமல் பேட்டரியைக் கழற்றி மாட்டாதீர்கள். கதவுக்கு நடுவில் குச்சி மாட்டியிருந்தால் பேனல் அந்த இடத்தையே கோடி என்று கற்றுக்கொள்ளும்.

24 மே

கீழக்கரைத் தம்பியின் மாமா துபாயில் பழைய அமெரிக்க வண்டி வைத்திருக்கிறாராம். மேட்டில் ஏறும்போது முகத்துக்கு வரும் காற்று நின்று, கண்ணாடிக்குப் போய்விடுகிறது. அது மோட்டார் வகையே இல்லை, எஞ்சினின் வாக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) கதவைத் திருப்புகிற வகை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வாக்குவம் குறையும். அந்த நேரத்துக்கு ஈடுகொடுக்கச் சின்ன டப்பாவும் ஒருவழி வால்வும் இருக்கும், இரண்டில் ஒன்றோ இடையில் இருக்கும் ரப்பர் குழாயோ கசிகிறது. வாக்குவம் போனால் காற்று கண்ணாடிக்குத்தான் போக வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்திருப்பார்கள், பனியில் ஓட்டுநருக்குக் கண் தெரிய வேண்டும் என்பதற்காக.

2 ஜூன்

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. 22 டிகிரி என்று போட்டால் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ ஏசி. நல்ல வெயிலில் மட்டும் குளிர் போதவில்லை என்று புகார். மூன்று கதவும் சரி, கேஸும் சரி. டேஷ்போர்டு ஓரத்தில் வெயிலைப் பார்க்கும் சென்சர், கறுப்புப் பொத்தான் மாதிரி இருக்கும். அதன் மேல் அழகான வலம்புரிச் சங்கு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். வெயிலே இல்லை என்று வண்டி நினைத்துக்கொண்டு கதவைக் கொஞ்சம் சூட்டுப் பக்கம் வைத்திருக்கிறது. சங்கை ஒரு சாண் தள்ளி ஒட்டினோம், அவ்வளவுதான். ஸ்டீயரிங் பக்கம் சின்னச் சல்லடை இருக்கிறதல்லவா, அதற்குள் வண்டியின் உள்வெப்பம் பார்க்கும் சென்சர். அதிலும் தூசி அடைத்திருந்தது, பிரஷ்ஷால் துடைத்தேன்.

26 ஜூலை

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்த கூட்டத்தில் பட்டறைக்கும் ஓயாத வேலை. தடைக்காலம் முடிந்துவிட்டதால் கருவாட்டுச் சோதனை மறுபடி வேலை செய்கிறது. மூன்று வண்டிகளில் அதை வைத்தே முதல் கதவைப் பிடித்தேன்.

ஒரு வண்டி புதுசு எனக்கு. காற்றுவாயிலிருந்து கறுப்புத் துகள் பறந்து சட்டையில் ஒட்டுகிறது என்றார் சேலத்துக்காரர். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு வெயிலில் மக்கிப் பொடிந்து வருகிறது. மோட்டார் சரியாகத் திருப்பும், சிக்னல் சரியாக இருக்கும், ஹோஸை அழுத்தினால் மட்டும் குளிர் கூடும். அதாவது கதவு மூடுகிறது, ஆனால் ஓரம் அடைக்கவில்லை. இதற்குப் பெட்டியையே இறக்கிப் பஞ்சு ஒட்ட வேண்டும், இரண்டு நாள் வேலை. அவர் மறுநாள் ஊர் திரும்ப வேண்டியிருந்ததால் நான் கை வைக்கவில்லை. ஊரில் பார்ப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

27 ஜூலை

கீழக்கரைத் தம்பி வாங்கிய புது மோட்டார் என் பட்டறையில் பெட்டியோடு இருக்கிறது. பத்து நாள் கூட ஓடாதது. கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதே மாடல் வைத்திருப்பவர்கள் யாருக்காவது நிஜமாகவே பல் உடைந்திருந்தால் எழுதுங்கள், அவர் வாங்கிய விலையில் பாதிக்குத் தருகிறேன் என்கிறார், மீதிப் பாதியை நான் அவருக்குக் கொடுத்துவிட்டேன். எர்த்தை அளந்துவிட்டு எழுதுங்கள்.